சாவி கைமாறிய காலை

"அம்மா, நீ ஃபெயில் ஆயிட்டா உன்னை யாரு அடிப்பாங்க?"

அம்மா தன் முதல் வருடப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது மகள் இப்படிக் கேட்டாள். "யாரும் அடிக்க மாட்டாங்கடா செல்லம்" என்று அம்மா சிரித்தாள். அடிப்பதற்குக் கை தேவையில்லை என்பதை அந்த வயதுக்கு எப்படிச் சொல்வது?

டிப்ளமோ முடித்த நர்ஸ் அவள். பெண்கள் வார்டில் வேலை பார்த்துக்கொண்டே பட்டப்படிப்பில் சேர்ந்திருந்தாள். வார்டு பொறுப்பாளரைப் பெரிய சிஸ்டர் என்பார்கள். அவரும் டிப்ளமோதான். பட்டம் வாங்கியவள் ஒருத்தி வந்தால் தன் நாற்காலி என்னாகும் என்ற பயம் அவருக்கு. அதனால் இவளுக்குக் 'காலேஜ்' என்று பெயர் வைத்தார். "என்னம்மா காலேஜ், பெட்பேன் கழுவறதுக்கும் பாடம் உண்டா?" என்று நோயாளிகள் முன்னாலேயே கேட்பார். வீட்டுக்குப் போனால் மாமியார். "பேத்தி படிக்க வேண்டிய வயசுல மருமக படிக்கிறா. நல்லா விளங்கும் குடும்பம்!"

கடைசி வருடத்தின் கடைசிப் பரீட்சை வந்தது. அதைத் தவறவிட்டால் படிப்புக்கான காலக்கெடு முடிந்துவிடும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவளுக்கு முந்தின இரவு டியூட்டி. காலையில் அடுத்த நர்ஸ் வந்து வார்டை ஏற்றுக்கொண்டதும் கிளம்பவேண்டியதுதான்.

அடுத்த நர்ஸ் வரவில்லை.

"அவளை மத்தியானத்துக்கு மாத்திட்டேனே, சொல்லலியா?" என்றார் பெரிய சிஸ்டர். "சரி, ஆள் வர்றவரைக்கும் இரு. எனக்கு மீட்டிங் இருக்கு."

போதை தரும் வலி மருந்துகளைப் பூட்டிவைக்கும் அலமாரியின் சாவி அவள் இடுப்பில் இருந்தது. அந்த வார்டு நர்ஸ் கையில்தான் அதைக் கொடுக்கலாம் என்பது சட்டம். கொடுக்காமல் வாசல் தாண்ட முடியாது. கைகழுவும் தொட்டிப் பக்கம் திரும்பி நின்று அழுதாள்.

கடவுள் சில வேளைகளில் டியூட்டி முடிந்து களைத்த ஆட்களைத்தான் அனுப்புகிறார். பக்கத்து வார்டில் இரவு முழுக்க நின்றுவிட்டு, செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்தாள் குருவி. ஒல்லியான உடம்பு, ஓயாத வாய்; அதனால் அந்தப் பெயர்.

"என்னக்கா, பரீட்சைய வச்சுக்கிட்டு இங்க குழாயோட போட்டி போட்டு அழுதுக்கிட்டிருக்கீங்க? சாவியக் குடுங்க."

"நீ இந்த வார்டு இல்லியேடி."

"வலிக்கிறவங்களுக்கு நான் எந்த வார்டுன்னா தெரியப்போவுது? ஓடுங்கக்கா!"

ஒவ்வொரு கட்டிலாக நின்று நோயாளிகளை ஒப்படைத்தாள். சாவியைக் கொடுத்தாள். ஓடினாள். எழுதினாள்.

மீட்டிங் முடிந்து வந்த பெரிய சிஸ்டர், சாவி குருவியிடம் இருப்பதைப் பார்த்தார். விஷயம் கண்காணிப்பாளர் வரை போனது. விசாரணைக்கு முன் பெரிய சிஸ்டர் இவளைத் தனியே அழைத்தார்.

"நீயா குடுத்தியா, அவளா எடுத்தாளா? நான் ஆளை மாத்தின கதை அங்க வரக்கூடாது. நிதானமா யோசி, காலேஜ். உன் அனுபவச் சான்றிதழ்ல நான்தான் கையெழுத்துப் போடணும். அது இல்லாம பட்டம் வராது."

யோசித்தாள். மகள், மாமியார், தூங்காத இரவுகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. கண்காணிப்பாளர் கேட்டபோது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பெரிய சிஸ்டர் மேசை மேல வச்சுட்டுப் போனேன் சார். அவளா எடுத்துக்கிட்டா."

எதிரே நின்ற குருவி ஒரு கணம் இவளையே பார்த்தாள்.

"ஆமா சார். நானாத்தான் எடுத்தேன்."

எங்கோ தொலைவில் இருந்த ஆஸ்பத்திரிக்குக் குருவியைத் தூக்கி அடித்தார்கள். போகும் நாளில் பையோடு வந்து, "பாஸாயிடுங்கக்கா. இல்லேன்னா எனக்குத்தான் மானக்கேடு" என்றாள். அதில் குத்தல் துளியும் இல்லை. இருந்திருந்தால் இவளுக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கும்.

பாஸானாள். பெரிய சிஸ்டர் ஓய்வு பெற்றதும் அவருடைய நாற்காலி இவளுக்கு வந்தது. காலேஜ் என்றவர்களெல்லாம் மேடம் என்றார்கள். குருவிக்கு ஒரு தடவைகூட இவள் போன் செய்யவில்லை. என்னவென்று பேசுவது?

பின்பொரு மழைக்காலத்தில், ஈரல் கெட்டு வயிறு ஊதிய ஓர் அம்மாளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நாடி பிடித்துக்கொண்டிருந்த இவளிடம் அந்த அம்மாள் மெல்லப் பேசினாள்.

"என் மகளும் நர்ஸுதாம்மா. முன்னாடி இங்கதான் இருந்தா. குருவி குருவின்னு கூப்பிடுவாங்களாம். யாருக்கோ உதவப் போயி, தூரமா மாத்திட்டாங்க."

"யாருக்குன்னு சொன்னாளா?"

"கேட்டா சிரிப்பா. 'பாஸாயிட்டாங்கம்மா'ம்பா. அவ்வளவுதான்."

மகளுக்குத் தகவல் போயிற்று. ரயில் பாதி வழியில் வரும்போதே அம்மாள் போய்விட்டாள்.

உடலைத் துடைத்துத் தயார் செய்வது ஆயாவின் வேலை. வாளியோடு வந்த ஆயாவிடம், "நீ போய் டீ குடிச்சுட்டு வாம்மா. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

"ஐயோ, நீங்களா மேடம்?"

"போ."

திரையை இழுத்து மூடினாள். வாளியில் விரலை விட்டுப் பார்த்தாள், தண்ணீர் சில்லென்றிருந்தது. போய் வெந்நீர் கலந்து எடுத்துவந்தாள். முகம், கழுத்து, ஊதிய வயிறு, விரலிடுக்கு என்று ஒவ்வொன்றாகத் துடைத்தாள். கையில் ஊசியை ஒட்டியிருந்த பிளாஸ்திரியை, தோல் உரியாதபடி எண்ணெய் தொட்டு மெதுவாக எடுத்தாள். பல நாள் படுக்கையில் முடி சிக்குப் பிடித்திருந்தது. சீப்பை எடுத்து, வலிக்குமோ என்பதுபோல் வேர்ப்பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து வாரத் தொடங்கினாள்.