விடுபட்ட முதல் கோடு

துருவக் கடலில் ஆய்வுக்கப்பலிலிருந்து தவறி விழுந்து இறந்தவர், பதினெட்டாம் நாள் முதல் ஆய்வுக்கூடத்து வேலையை மறுபடி பார்க்கத் தொடங்கினார். ஆள் வரவில்லை, பதிவேட்டில் அவருடைய கட்டத்தில், அவருடைய கோணல் கையெழுத்தில், எண்கள் மட்டும் வந்தன. தாள் நனைந்திருக்கும், தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். கூட்டிப் பெருக்கும் அம்மா இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு, மேசைக்கடியில் பழைய துணி ஒன்றை விரித்துவைத்தாள். வேலை நின்றுபோகாமல் நடந்தால் சரி என்று மேலதிகாரி விட்டுவிட்டார்.

வேலை இதுதான். கணவாய் மீனின் தலைக்குள் மணல் பருக்கை அளவில் ஒரு கல் இருக்கும். நாளுக்கொரு கோடு அதில் விழும். கோடுகளை எண்ணினால் வயது. வயது தெரிந்தால்தான் அந்தக் குளிர்க்கடலில் கணவாய்க் கூட்டம் பெருகுகிறதா அழிகிறதா என்று சொல்ல முடியும். ஒரே கல்லை இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும். இங்கே அந்த இருவர், இறந்தவரும் அவர் மனைவியும். கல்யாணமான புதிதில் எண்கள் அச்சடித்தாற்போல் ஒத்துப்போயின. பிறகு அவர்களுக்கு ஒரு மகள் காலையில் பிறந்து மாலையில் போய்விட்டாள். இறப்பைப் பதியும் படிவத்தில் வயது என்ற இடத்தை அவர் வெறுமையாக விட்டார். இறப்புச் சான்றிதழும் அப்படியே வந்தது. அன்றிலிருந்து கல்லிலும் முதல் கோட்டை, குஞ்சு பொரித்த நாளின் கோட்டை, எண்ணாமல் விட்டார். புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் எதற்குத் தலையிட வேண்டும் என்று மேலதிகாரி அந்த ஒரு கோட்டு வித்தியாசத்தை மட்டும் கண்டுகொள்ளவில்லை.

“அந்த ஒரு நாள் அவ நம்மகூடத்தான இருந்தா? அதை ஏன் விடுறீங்க?” என்று ஒருமுறை மனைவி கேட்டாள்.

“வந்த நாளை எண்ணினா, அவ போன நாளையும் எண்ணின மாதிரிதான். என்னால முடியல,” என்றார்.

செத்த பிறகும் மனுஷர் பிடிவாதத்தை விடவில்லை. ஏழு வருடம் ஒன்று குறைத்தே எழுதினார். கப்பல் கொண்டுவரும் கற்களும் ஆண்டுக்காண்டு குறைந்தன. அவர் போனதைவிட, மகள் இருந்தாள் என்று சொல்ல உலகத்தில் தான் ஒருத்திதான் என்பது மனைவிக்கு அதிகம் வலித்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவள் எண்ணியது இருநூற்றுப் பதினொன்று. அவர் கட்டத்திலும் இருநூற்றுப் பதினொன்று. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். வீட்டுக்கு ஓடிப்போய் பீரோவைத் திறந்தாள். மகளின் சான்றிதழ் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வயது என்ற இடத்தில், கோணல் கையெழுத்தில், ஒரு நாள் என்று எழுதியிருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிறகு அதைக் கொடியில் காயப்போட்டு, காற்றில் பறக்காமலிருக்க இரண்டு கிளிப் மாட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினாள். மேசைக்கடியில் விரித்த துணி அதன்பின் நனையவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, பெருக்கும் அம்மா அதை மடித்து எடுத்துவைத்தாள்.