இரவல் ஆஜர்

எனக்கு வாய் நீளம் என்பது ஸ்ரீவில்லிபுத்தூரில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பருத்தி எடுக்க இழுத்துப் போக வந்த தாய்மாரைத் தெரு முக்கு வரை விரட்டியிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட கிருபாபாய் டீச்சரம்மாள் ஒரே ஒரு காரியத்தில் வாயை மூடிக்கொண்டாள். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைப் பள்ளிக்கூடங்களில் அப்போது ஒரு வழக்கம். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பிள்ளை எழுந்து ‘ஆஜர்’ சொல்ல வேண்டும். முப்பது பேருக்குக் குறைந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். பிள்ளைகளோ கல்யாணமாகிப் போவார்கள், காட்டு வேலைக்குப் போவார்கள், செத்தும் போவார்கள். அதனால் அண்டாவையும் குண்டாவையும் இரவல் கொடுப்பது போல ஒரு பள்ளிக்கூடம் இன்னொன்றுக்குப் பிள்ளையை இரவல் கொடுக்கும். இன்ஸ்பெக்டர் பட்டியலை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். முகமெல்லாம் அவருக்கு எதற்கு?

ஆயிரத்துத் தொள்ளாயிரமாவது வருஷம், ஐப்பசி மாதம். இராஜபாளையம் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் தவசிமுத்து வந்து நின்றார்.

“அக்கா, நாச்சியாருன்னு ஒரு பிள்ள வாந்திபேதியில போயிட்டா. பேர இன்னும் அடிக்கல. நாளைக்கி ஒரு பிள்ள இரவல் வேணும்.”

எந்த மக்குப் பிள்ளையை அனுப்பியிருந்தாலும் போதும். என் கொழுப்பு, அழகுத்தாயை அனுப்பினேன். பன்னிரண்டு வயது. பலகையில் நான் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, “இன்னும் கஷ்டமா ஒண்ணு போடுங்க” என்று நிற்பாள். இராஜபாளையத்தார் பார்க்கட்டுமே என்று எனக்குப் பெருமை.

மறுநாள் இன்ஸ்பெக்டரோடு ஒரு வெள்ளைக்கார அம்மாளும் வந்திறங்குவாள் என்று யார் கண்டது? மதராஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஏதோ ஒரு காலேஜிலிருந்து வந்தவள். ஊர் ஊராய்ப் போய் உபாத்தியாயர்களுக்குப் பாடம் சொல்லும் முறையைக் காட்டுவது, கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து மதராஸில் வைத்துப் படிப்பிப்பது, இது புது ஏற்பாடாம். தவசிமுத்துவுக்கு அவள் புளியங்கொட்டையை வைத்துப் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாளாம். அழகுத்தாய் எழுந்து, அதைவிடச் சுருக்கமான வழி ஒன்றைக் காட்டியிருக்கிறாள். அந்த அம்மாள் முகத்தைப் பார்க்கிறவள். கிட்டே கூப்பிட்டுப் பெயர் கேட்டிருக்கிறாள்.

சாயங்காலம் வண்டி நிற்பதற்குள் அழகுத்தாய் குதித்து ஓடி வந்தாள்.

“டீச்சரம்மா! அவிய என்னைய மதராசுக்குக் கூட்டிட்டுப் போறாகளாம்! அஞ்சு வருசம் சோறு போட்டுப் படிக்க வைப்பாகளாம்!”

“ஏட்டி, பேரு என்னன்னு சொன்னே?”

“நீங்க சொல்லச் சொன்ன பேருதான். நாச்சியாருன்னு.”

மதராஸுக்குக் கூப்பிட்டிருப்பது செத்துப்போன பிள்ளையை.

அவள் தாய் சுடலைமாடத்தி ராத்திரிக்குள் வந்துவிட்டாள். “எந்தம்பி மலைச்சாமிக்குப் பெஞ்சாதி செத்து ஆறு மாசம். தையில இவளக் கட்டிக் குடுங்கான். துரைமாரு காயிதம் ஒண்ணு வரட்டும், அதக் காட்டி நிறுத்திப்பிடுதேன். வெறும் வாயால சொன்னா அவன் கேப்பானா?” என்றாள்.

அடுத்த நாள் அந்த அம்மாள் என் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். நான் நல்லவளாக இருந்திருந்தால் அப்போதே உண்மையைச் சொல்லியிருப்பேன். சொன்னால் இரண்டு பள்ளிக்கூடத்துக்கும் பூட்டு. அறுபது பிள்ளைகள் தெருவில். அழகுத்தாயை வீட்டை விட்டு வராதே என்று சொல்லி வைத்திருந்தேன். “இராஜபாளையத்தில் அருமையான பிள்ளை ஒருத்தியைப் பார்த்தேன். உங்களிடம் அப்படி யாரும் இல்லையா?” என்று அந்த அம்மாள் கேட்டாள்.

“இல்லை அம்மா” என்றேன்.

கார்த்திகையில் கடிதம் வந்தது. பட்டியலில் எழுதியிருந்த விலாசத்துக்கே போயிருந்தது. செத்துப்போன நாச்சியாரின் தாய் சண்முகத்தாய் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, இராஜபாளையத்திலிருந்து நடந்தே வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றாள்.

“தபால்காரரு படிச்சுக் காட்டுனாரு, எம் மக மதராசுக்குப் போணுமாம். தவசிமுத்து வாத்தியார்ட்டக் கேட்டா ஒங்களக் கேளுங்காரு. நாந்தாம்மா அவளப் பொதச்சேன். காயிதத்துல எப்பிடி இருக்கா?”

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பார்த்தேன். “அந்தப் பிள்ளயக் கொஞ்சம் காட்டுங்க” என்றாள், அவ்வளவுதான்.

அழகுத்தாய் வந்தாள்.

“அந்த வெள்ளக்காரம்மா கேக்கும்போது என்ன சொன்ன தாயி?”

“என் பேரு நாச்சியாருன்னு சொன்னேன்.”

“இன்னொருக்கச் சொல்லு.”

சொன்னாள். சண்முகத்தாய் அவள் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். அந்த நேரத்தில் நான் கேட்டேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். கடிதத்தின் அடியில் தாயோ தகப்பனோ கையெழுத்தோ கீறலோ போட்டு அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தது.

“ஒரு கீறல் போட்டுக் குடு தாயி. இந்தப் பிள்ள பொழச்சுக்கிடும்.”

“போட்டா, மதராசுல இவள எம் மக பேரச் சொல்லியா கூப்பிடுவாக?”

“ஆமா.”

“இவ திரும்பிப் பாப்பா?”

“பாப்பா.”

அழகுத்தாயின் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். “அவ பேரச் சொல்லி வேற பிள்ளயக் கூப்பிட்டா, எம் மகளுக்குன்னு என்னம்மா மிச்சம்? இந்தக் காயிதம் அவளுக்கு வந்தது. நான் வச்சுக்கிடுதேன்.” அதை மடித்து மடியில் செருகிக்கொண்டு நடந்துவிட்டாள். பின்னால் ஓடிப் பறித்திருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை.

அழகுத்தாய் என் முந்தானையைப் பிடித்தாள். “டீச்சரம்மா, எம் பேரு அழகுத்தாய்னு இப்பச் சொன்னா விடமாட்டாகளா?”

அன்றைக்கே காலேஜுக்கு உண்மையை எழுதினேன். மூன்று தாள். தபாலில் போடவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று பெட்டியிலேயே கிடந்தது. தையில் கல்யாணம் முடிந்தது. சேத்தூருக்குப் போய்விட்டாள். மூத்தாள் பிள்ளைகள் மூன்றையும் இவள்தான் தூக்கிச் சுமக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது?

மறு ஐப்பசியில் இன்ஸ்பெக்டர் என் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். எனக்கு ஒரு பிள்ளை குறைந்தது. தவசிமுத்து இரவல் அனுப்பியிருந்தார்.

“அழகுத்தாய்” என்று கூப்பிட்டார் இன்ஸ்பெக்டர்.

“ஆஜர்” என்றாள் இராஜபாளையத்துப் பிள்ளை.

அவளிடம் ஒரு பின்னக் கணக்குக் கேட்டார். அவள் திருதிருவென்று விழித்தாள். “இந்த அழகுத்தாய்க்குக் கணக்கே வராது போலிருக்கிறதே?” என்று என்னைப் பார்த்தார்.

“ஆமாம் ஐயா” என்றேன். எழுதிக்கொண்டார்.