நாத்தனார் கொடுத்த கிருமிகள்

பல் வலிக்கு விழுங்கிய மாத்திரைகள் பல்லைக் காப்பாற்றின, வயிற்றைக் கவிழ்த்துவிட்டன. பள்ளி வேன் ஓட்டுகிறவள் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஓட முடியுமா? வேலைக்குப் போகாமல் கழிப்பறையை ஒட்டிய அறையில் சுருண்டு கிடந்தாள். மருந்து சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு அடங்கும். நிறுத்தினால் பழைய குருடி கதவைத் திறடிதான். அழக்கூட உடம்பில் நீர் மிச்சமில்லை.

வயிற்று டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "ஈரல் பித்தநீர் சுரக்குது. குடல்ல இருக்கற நல்ல கிருமிங்க அதுல இருக்கற பித்த அமிலத்தை வெட்டி, வேற மாதிரி மாத்தும். அப்படி மாறின அமிலம்தான் உங்களைப் படுத்தற கிருமியை வளரவிடாம அமுக்கி வைக்கும். பல் மாத்திரைல நல்லதுங்க செத்துப்போச்சு. இப்ப பித்தம் மாறாம அப்படியே கீழ இறங்குது. கெட்ட கிருமி முளைக்க அதுவே தோதாயிடுது."

"அந்த நல்லதுங்களை எங்க வாங்கறது?"

"ஆரோக்கியமான ஒருத்தரோட மலத்துலேருந்து எடுத்து உங்க குடல்ல சேர்க்கணும்."

அருவருப்புப் படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. "செஞ்சிடுங்க," என்றாள்.

கொடுக்க முன்வந்த கணவருக்குச் சர்க்கரை, வேண்டாம் என்றுவிட்டார்கள். எல்லாச் சோதனையிலும் தேறியவள் மாடியில் குடியிருக்கும் நாத்தனார்தான். வீட்டைப் பாகம் பிரித்ததிலிருந்து இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. ஆனாலும் அண்ணன் கேட்டதும் அவள் இறங்கி வந்து அறை வாசலில் நின்றாள். கட்டிலில் கிடந்த உருவத்தைப் பார்த்ததும் அவளுடைய வீறாப்பு கொஞ்சம் தளர்ந்தது.

"நான் எதைக் குடுத்தாலும் குத்தம் சொல்வீங்களே அண்ணி. இதுக்கும் சொல்வீங்களா?"

சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு இழுத்துப் பிடித்தது. "வாய் திறக்க மாட்டேன்," என்றாள் இவள்.

மயக்க மருந்து கொடுத்து, குழாய் வழியாகக் குடலுக்குள் விட்டார்கள். ஒரு வாரத்தில் ஓட்டம் குறைந்தது. பிறகு நின்றேவிட்டது. "உள்ள போனதுங்க வேலையை ஆரம்பிச்சிருச்சு, பித்தம் பழையபடி மாறுது," என்றார் டாக்டர். இவளுக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. நீண்ட பயணம் முடிந்து மூட்டையை இறக்கி வைத்தவள் போல உடம்பு தொய்ந்தது.

அன்று மாலை, கைப்பிடியைப் பற்றி, நின்று நின்று மாடிப்படி ஏறினாள். கதவைத் திறந்த நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்."

"மூச்சு வாங்குது பாருங்க. முதல்ல உக்காருங்க."

உட்கார்ந்தாள். நாத்தனார் தண்ணீர் கொண்டுவருவதற்குள், சொல்ல வந்ததைச் சொல்லாமலே தூங்கிப்போயிருந்தாள்.