இரண்டாம் போர்முனையைத் தின்றவள்

“இரண்டாம் போர்முனையைத் தின்னுட்டீங்களா?”

“ஆமா. மூணு நாள்ல.”

“முழுசாவா?”

“தம்பிக்குப் பாதி. அதனாலதான் பிழைச்சான்.”

ரஷ்யாவின் வடகோடியில், மூர்மான்ஸ்க் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தைசியா, நன்றி அலுவலகத்தின் முதல் ஜன்னலில் நின்றிருந்தாள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த இறைச்சி டின்னுக்கு ஊரில் ‘இரண்டாம் போர்முனை’ என்று பெயர். எதிரியை மேற்கிலிருந்து தாக்க அமெரிக்கர்கள் திறப்பதாகச் சொன்ன இரண்டாவது போர்முனை வருவதாயில்லை. டின் வந்தது. அதைத் திறக்க முடிந்தது.

அதற்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதியிருந்தாள். முத்திரை விழுந்தால்தான் கடல் தாண்டும்.

குமாஸ்தா கிளேப் சாவிச் முத்திரையை ஓங்கினார். அதற்குள் வருஷம் மாறிவிட்டது.

“இப்ப அவங்க எதிரி. அடுத்த ஜன்னலுக்குப் போங்க.”

தைசியா நடக்க நடக்க நடைபாதை நீண்டது. அடுத்த ஜன்னலிலும் கிளேப் சாவிச்தான். மேஜைக்கு அடியில் சாக்ஸபோன் ஒலித்தது.

“அது என்னங்க?”

“யாரோட விலா எலும்போ. எக்ஸ்ரே படத்துல வெட்டின இசைத்தட்டு. அமெரிக்க இசைக்குத் தடை. நான் கேக்கவே இல்லை.”

அவர் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாவது ஜன்னலில் அதே கிளேப் சாவிச் நீல ஜீன்ஸ் அணிந்திருந்தார். எல்லோரும் அமெரிக்காவை நேசித்த வருஷம் அது. வரிசை ஆற்றுப்பாலம்வரை நின்றது. அவள் முறை வந்தபோது, “இங்க பர்கருக்கு மட்டும்தான் நன்றி” என்றார்.

நான்காவதில் முகம் கடுகடுத்திருந்தது.

“மறுபடி எதிரி.”

“ஜீன்ஸ் போட்டிருக்கீங்களே?”

“இது நம்ம ஊர்ல தைச்சது.”

ஜன்னல் ஜன்னலாக நடந்த தைசியாவுக்கு இன்னும் முப்பத்திரண்டு வயதுதான். வெளியே வருஷங்கள் ஓடி, தம்பிக்கு எண்பத்தெட்டு. டாக்டர் கையை விரித்துவிட்டார். அவன் கண்மூடுவதற்குள் கடிதம் கிளம்ப வேண்டும். ஆனாலும் அவளுக்குக் கோபம் வரவில்லை. அந்த இறைச்சியின் ருசி நாக்கில் இருக்கும்வரை அவளால் யாரையும் கோபிக்க முடிவதில்லை.

“நான் நாட்டுக்கு எழுதலைங்க. அந்த டின்னை மூடின கைக்கு எழுதியிருக்கேன். அந்தக் கைக்கு எந்த வருஷம்?”

கிளேப் சாவிச் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். கைகளைப் பற்றி அதில் எதுவும் இல்லை. அவர் முத்திரையைக் கீழே வைத்தார். ஜன்னல் சுவராகியது. சுவருக்குள்ளிருந்து குரல் மட்டும் மெல்ல வந்தது.

“தைசியா பாவ்லோவ்னா, எங்க வீட்டுக்கும் அந்த டின் ஒண்ணு வந்துச்சு. நாங்க அஞ்சு பேர். கடிதத்துல கீழே என் பேரையும் எழுதிக்கிறீங்களா?”