பட்டிக்குள் நீட்டிய கழி

எங்கள் வீட்டில் நெட் ஒழுங்காகக் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். அது மாட்டுப்பட்டிக்குள், கீழ்மூலையில், கன்றுகள் நிற்கும் இடம். அங்கிருந்து பார்த்தால் இரண்டு மலைகளுக்கு நடுவே, ஆற்றுக்கு அப்பால், செல்போன் கோபுரம் ஊசி போலத் தெரியும்.

மருமகள் பட்டிக்குள் கால் வைக்கக் கூடாது. பட்டிக்கும் குடிசைகளுக்கும் நடுவே உள்ள முற்றத்தைக்கூடக் கடக்கக் கூடாது. குடிசைகளுக்குப் பின்னால் சுற்றித்தான் போக வேண்டும். பட்டியின் மேற்பக்கத்தில், மண்ணுக்குள், என் அப்பா இருக்கிறார், அவருடைய அப்பா இருக்கிறார். எங்கள் ம்பிங்கா குலத்தில் எந்த மருமகளும் அந்த எல்லையைத் தாண்டியதில்லை. தாண்ட நான் விட்டதுமில்லை.

நொசகேலே என் மகன் லுண்டியின் மனைவி. அவன் சுரங்கத்தில் இருக்கிறான், டிசம்பரில் வருவான். அவள் எங்களோடு இருந்துகொண்டே வேலை பார்க்கிறாள். கேப்டவுனில் டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்கிறார்கள். அந்தக் குரல் இவளுக்கு வருகிறது. இவள் கேட்டு, எழுத்தாக்கி, குரலையும் எழுத்தையும் சேர்த்துத் திருப்பி அனுப்புகிறாள். சாயங்காலம் நாலு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தாமதமாகிவிட்டது. மூன்றாவது முறை தாமதமானால் வேலை இல்லை என்று எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள். வேலை போனால் அவள் டர்பனுக்கு, தன் அக்காவிடம் போய் வேலை தேட வேண்டியதுதான். இந்த மேட்டில் மருமகள் இல்லாமல் புகை எழாத வீடுகள் எத்தனையோ நிற்கின்றன. என் வீடும் அப்படி நிற்பதை நான் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். ஊர் விழிக்கும் முன் எழுந்து குரல்களை இறக்கி வைத்துக்கொண்டாள். போனை எனாமல் பாத்திரத்துக்குள் நிறுத்தி ஜன்னலில் வைத்தாள். கூரையில் வைத்தாள். கணினித் திரையில் ஒரு சின்ன வளையம் சுற்றும். அது சுற்றத் தொடங்கினால் வீட்டில் மற்ற எல்லாம் நின்றுவிடும். ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி வரும். கோழிகள் தண்ணீருக்கடியில் நடப்பது போல நடக்கும். அடுப்பில் சோளக்களி தானாகக் கொதிக்கும். அவள் இமைக்காமல் வளையத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிறகு ஒரு நாள் ஒரு நீண்ட கழியின் நுனியில் போனைக் கட்டி, பட்டியின் பின்பக்கம் நின்று, வேலிக்கு மேலாக உள்ளே நீட்டினாள். அவள் வெளியே, போன் உள்ளே. கழியின் அடியை வேலியில் கட்டிவிட்டு, பக்கத்தில் முக்காலி போட்டு, மடியில் கணினியோடு உட்கார்ந்தாள்.

பக்கத்து வீட்டு பெலே அதைப் பார்க்காமல் இருப்பானா?

"ம்பிங்கா, உன் மருமக பட்டியில தூண்டில் போட்டிருக்காளே. என்ன மீன் மாட்டுச்சு?"

"உன் வீட்டு மருமக எங்க இருக்கான்னு முதல்ல தேடு" என்றேன். ஆனால் முள் தைத்துவிட்டது.

மருமகளிடம் நான் நேரே பேசுவதில்லை. என் மனைவி மாட்லோமோவைக் கூப்பிட்டேன்.

"அந்தக் கழியை எடுக்கச் சொல்லு."

"ஏன்? அவ கால் வெளியதானே இருக்கு?"

"போன் உள்ள இருக்கு."

"போன் ஆம்பளையா பொம்பளையா? அதைச் சொல்லுங்க, நான் போய் அவகிட்ட சொல்றேன்."

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். கழி அங்கேயே இருந்தது.

அந்த வியாழக்கிழமை மாட்லோமோ தேவாலயத்துப் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தாள். நானும் பெலே வீட்டுக்கென்று கிளம்பி, மூடுபனி கனமாக இருந்ததால் பாதி வழியில் திரும்பிவிட்டேன். நான் திரும்பியது நொசகேலேவுக்குத் தெரியாது. குடிசை வாசலுக்குள் நாற்காலியில் உட்கார்ந்தவன் கண்ணயர்ந்துவிட்டேன்.

கனவில் அப்பா வந்தார். இடுப்பளவு பனியில் பட்டியின் கீழ்மூலையில் நின்றார். உயிரோடிருந்தபோது அவர் ஒரு நாளும் அங்கே நின்றதில்லை. மழை வருகிறதா என்று பார்ப்பவர் போல வலது கையை உயரே தூக்கியிருந்தார். என்னைப் பார்த்தார். மாடுகளெல்லாம் மேற்பக்கமாக ஒதுங்கி நின்றன. மாடுகளுக்கும் அவருக்கும் நடுவே வேலி ஓடியது. அவருக்குப் பின்னால் வேலி இல்லை.

ஏதோ முறியும் சத்தம் கேட்டு விழித்தேன்.

எருது கழியில் கழுத்தைச் சொறிந்திருக்கிறது. போன் சாணத்தில் கிடந்தது. கழியின் உடைந்த மிச்சத்தால் நொசகேலே அதை இழுக்கப் பார்த்தாள், எட்டவில்லை. வீட்டில் யாரும் இல்லை என்றுதான் அவள் நினைத்திருப்பாள். வேலியில் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. உள்ளே எட்டடி. பனி எல்லாவற்றையும் மறைத்திருந்தது.

அவள் நுழையவில்லை. கழியைத் தரையில் வைத்தாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். கையைக் கோத்துக்கொண்டு, தலை குனிந்து, அப்படியே நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் முக்காலியில் வளையம் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் பட்டி வாசல் வழியாக உள்ளே போனேன். தொப்பியைக் கழற்றி, மேற்பக்கம் பார்த்து, என் குலப்பெயரைச் சொன்னேன். பிறகு போனை எடுத்து என் கோட்டில் துடைத்தேன்.

"மணி என்ன?"

அவள் திடுக்கிட்டாள். நிமிரவில்லை.

"மூணு இருபது, அப்பா."

"எங்க பிடிக்கணும்?"

"இன்னும் உசரமா, அப்பா… கொஞ்சம் வலது பக்கம்… அங்கதான்."

கையை உயரே தூக்கி நின்றேன். அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது, நான் எங்கே, எப்படி நிற்கிறேன் என்று.

"நாப்பத்தொண்ணு சதவீதம், அப்பா."

"எதுக்கு என்கிட்ட சொல்ற? அதுகிட்ட சொல்லு."

அவள் சிரிப்பை அடக்கியது எனக்குக் கேட்டது. பனி என் முட்டி வரை வந்து, இடுப்புக்கு ஏறியது. கன்று ஒன்று என் கோட்டுப் பையை நக்கியது. கை மரத்துப்போய், அது என் கை என்பதே மறந்துவிட்டது. தூரத்தில் யாரோ எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: அறுபத்தெட்டு, எழுபத்தொம்போது, எழுபத்தொம்போது, எழுபத்தொம்போது. நான் வராததால் தேடி வந்த பெலேவின் தொப்பி மட்டும் பனிக்கு மேலே தெரிந்தது.

"ம்பிங்கா! யாரு உன்னைச் சுட வர்றாங்க? கையைத் தூக்கிட்டு நிக்கிற?"

"என் பட்டி. என் கை."

"வலிக்கலையா?"

"வலிக்குது. பேசாம நில்லு."

நின்றான். மூன்று ஐம்பத்தாறுக்கு நொசகேலே, "போய்ச் சேந்துடுச்சு, அப்பா" என்றாள். நான் கையை இறக்கினேன். அது இறங்க மறுத்தது.

சனிக்கிழமை, மேற்பக்கம் நின்று பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, கீழ்மூலை வேலியைப் பிடுங்கினேன். பத்தடி உள்ளே தள்ளி, கனவில் ஓடிய கோட்டிலேயே மறுபடி நட்டேன். பெலே கம்பங்களைப் பிடித்துக்கொண்டான்.

"பட்டி சின்னதாகுதே?"

"மாடு நெருங்கி நின்னா குளிராது."

மறுநாள் பெய்த மழையில் பழைய குழிகள் மூடிக்கொண்டன. திங்கட்கிழமை காலை நொசகேலே குடிசைகளுக்குப் பின்னால் சுற்றி, முக்காலியோடு வந்தாள். பழைய வேலி இருந்த கோட்டருகே தயங்கி நின்றாள்.

"போ" என்றேன், புது வேலிக்கு உள்பக்கம் நின்றுகொண்டு. "அது இப்ப வெளிய."