சட்டி மூடிப் பயிற்சி

கொட்பிறி தரை போடுகிறவன். மெல்பேர்ண் புறநகரான வெரிபீயில் புதிது புதிதாக முளைக்கிற வீடுகளுக்குக் கொங்கிரீட் தளம் போடுவது அவன் வேலை. அப்பேர்ப்பட்டவன் தன் வீட்டுத் தரையிலேயே குப்புற விழுந்து மானம் போன கதை சொந்தக்காரர் மத்தியில் பிரசித்தம்.

கொரோனாக் காலம். கட்டட வேலைகளை மூடியிருந்த வாரம். காலையில் குசினியில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது மெல்பேர்ண் முழுக்க நிலம் ஆடியது. மனைவி கத்தரின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். கொட்பிறியோ, ஊரில் சண்டைக்காலத்தில் குண்டு விழும்போது செய்ததுபோல, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிலத்தோடு நிலமாகப் படுத்துவிட்டான். ஆட்டம் நின்ற பிறகும் எழும்பவில்லை.

"இஞ்சருங்கோ, இது ஷெல் இல்லை. பூமியதிர்ச்சி," என்றாள் கத்தரின். சிரிக்கத்தான் தொடங்கினாள், அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

அந்தக் கதை அத்தோடு முடிந்திருக்கும், தங்கச்சி அஞ்சலா இத்தாலிக்குப் போகாமல் இருந்திருந்தால். நாப்போலிக்குப் பக்கத்தில் பொசுவோலி என்ற கடலோர ஊரில், தனியாக இருக்கும் ஒரு வயதான மனுசியைப் பராமரிப்பது அவள் வேலை. அந்த ஊருக்கு அடியில் ஒரு ராட்சத எரிமலை இருக்கிறது. மலையாகத் தெரியாது. வீடும் கடையும் கோயிலுமாகச் சனம் அதன் வாய்க்குள்ளேயே குடியிருக்கிறது. சில வருடங்களாக நிலம் மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டு வருகிறது. சின்னச் சின்ன அதிர்வுகள் கூட்டம் கூட்டமாக வந்து போகின்றன, சிலவேளை 'டமார்' என்ற சத்தத்தோடு. வெடிக்குமா என்று கேட்டால் விஞ்ஞானிகள் நிதானமாக, அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார்கள். யூடியூபில் கத்துகிறவர்களோ நாளைக்கே உலகம் முடியும் என்று சத்தியம் பண்ணுகிறார்கள். கொட்பிறி இரண்டு பகுதியையும் கேட்டு நித்திரையைக் கெடுத்துக்கொண்டான். போய்க் கூட்டி வரவும் வழியில்லை. அவுஸ்திரேலியாவுக்குப் படகில் அகதியாக வந்தவன். அவனுடைய தற்காலிக விசாவோடு நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பி வரமுடியாது.

"வேற ஊருக்குப் போ பிள்ளை," என்றான் தொலைபேசியில்.

"மனுசியைத் தனிய விட்டிட்டு எப்பிடி அண்ணா போறது? நல்ல மனுசி."

"அப்ப, சத்தம் வந்தா என்ன செய்யிறனி?"

"மனுசியையும் இழுத்துக்கொண்டு நிலவறைக்குள்ள இறங்கிடுவன். பழைய வைன் போத்தில் வைக்கிற அறை. சுவர் நல்ல மொத்தம்."

 இந்தப் பாடத்தை அவளுக்குப் படிப்பித்தவனே கொட்பிறிதான். யுத்தத்தில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து, இடம்பெயர்ந்து, கடைசியில் முல்லைத்தீவுக் கரையில் அவன் வெட்டிய பதுங்குகுழி, பங்கர். சத்தம் கேட்டால் யோசியாதே, கீழே குதி என்று அந்தச் சின்னப் பிள்ளையைத் தள்ளித் தள்ளிப் பழக்கியிருந்தான். அதனால்தான் அவள் உயிரோடு இருக்கிறாள். ஆனால் அங்கே சாவு மேலிருந்து வந்தது. இங்கே நிலமே ஆடினால், வீடு முழுக்க அந்த நிலவறைக்குமேல் இறங்கிவிடும்.

"அது ஷெல்லுக்குத்தான் பிள்ளை! இதுக்கு, ஆட்டம் நிண்ட உடன வெளியில போய்ச் சதுக்கத்தில நிக்கோணும். அடுத்தது பெரிசா வரலாம்."

"தெரியும் அண்ணா. இங்கயும் அதைத்தான் சொல்லுறாங்கள். எனக்குத் தெரியுது, காலுக்குத்தான் தெரியேல்லை."

சரி, காலுக்கே படிப்பிப்போம் என்று கொட்பிறி முடிவெடுத்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் கதைத்துக்கொண்டிருக்கும்போதே, அவள் எதிர்பாராத நேரம் பார்த்து, சட்டி மூடி இரண்டைப் போனுக்குப் பக்கத்தில் 'டமார்' என்று அடிப்பான். அவள் மனுசியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போகவேண்டும். முதல் நாள் கட்டிலுக்குக் கீழே பூந்தாள். பிறகு நிலவறைக் கதவுவரை போய்த் திரும்பினாள். கத்தரினுக்கோ ஒரே எரிச்சல். "அவள் பழகுறதுக்கு முதல் என்ர மூடியெல்லாம் நெளிஞ்சிடும்," என்றாள். பொசுவோலியில் அயலவர்கள் இவர்களுக்குப் பைத்தியம் என்றே நினைத்தார்களாம். மனுசிக்கு மட்டும் நல்ல புழுகமும் சிரிப்பும். மூடி எப்போது அடிபடும் என்று செருப்பைப் போட்டபடி காத்திருப்பாவாம்.

ஒரு நாள் மத்தியானம், கொங்கிரீட் லொறி வந்து நிற்கும் நேரத்தில், செய்தி வந்தது. பொசுவோலியில் நடுச்சாமம் தாண்டிப் பெரிய ஆட்டம். அஞ்சலாவின் போன் அடித்தது, எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தான். அந்தோனியாரே, அந்தோனியாரே என்று வாய் முணுமுணுத்தது. கொங்கிரீட்டைச் சமப்படுத்தும் மட்டப்பலகையைப் போட்டுவிட்டு ஓரமாகக் குந்திவிட்டான். நானே அவளைக் கீழே போகப் பழக்கினேன் என்பதைத் தவிர வேறு நினைவில்லை.

கடைசியில் வீடியோவில் அவள் வந்தாள். சதுக்கத்தில் சனக்கூட்டம். பக்கத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு மனுசி.

"அண்ணா, முதல் சின்னன்தான் அடிச்சது. நான் நித்திரைத் தூக்கத்தில மனுசியையும் இழுத்துக்கொண்டு நிலவறைப் படியில காலை வச்சிட்டன். அப்பதான் மூடிச் சத்தம் ஞாபகம் வந்துது. வெளியில வந்து நிண்டு கொஞ்ச நேரத்தில பெரிசு வந்துது." அவள் விம்மினாள். "நிலவறை இல்லையண்ணா. வீடு அப்பிடியே அதுக்கு மேல இடிஞ்சு விழுந்திட்டுது."

கொட்பிறி அந்த இடத்திலேயே இருந்து அழுதான். மனுசி போனைப் பிடுங்கி இத்தாலிய மொழியில் என்னென்னவோ சொன்னா.

"என்னவாம்?"

"வடக்கில மகள் வீட்டுக்குப் போகப்போறாவாம், என்னையும் கூட்டிக்கொண்டு. போக முதல் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி, உங்களுக்கு ஒண்டு ஏத்துவாவாம்."

அன்று பின்னேரம் கத்தரின் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள். கை தவறி, நெளிந்த மூடி ஒன்று 'டமார்' என்று தரையில் விழுந்தது.

கொட்பிறி சுதாரித்தபோது பின்வளவில், உடுப்புக் காயும் கொடிக்குக் கீழே வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தான். படுக்கவில்லை. காதைப் பொத்தவில்லை. இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை. அவனுடைய காலும் படித்துவிட்டது.

கத்தரின் கதவடியில் வந்து நின்றாள். "என்னப்பா, பயந்திட்டியளோ?"

"இல்லை," என்றான் கொட்பிறி. குளிர்ந்த புல்லின்மேல் காலை நன்றாக ஊன்றினான். நிரந்தர விசா தராவிட்டாலும் ஆடாமல் நின்றது இந்த நாட்டு நிலம். "நன்றி" என்று அதற்குச் சொன்னான், அந்தோனியாருக்குச் சொன்னான், பிறகு உள்ளே போய் அந்த மூடியைக் கழுவித் துடைத்து வைத்தான்.