ஒன்பதாம் பிரிவில் ஒரு ‘லாம்’

திங்கட்கிழமையிலிருந்து இருபத்திரண்டாம் நம்பர் பஸ் ஓடாது என்று அறிவிப்பு ஒட்டிய நாள் முதல் நான் எல்லோரிடமும் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். “பயப்படாதீங்க. நகரச் சட்டத்துல ஒன்பதாம் பிரிவு இருக்கு. எங்க அக்கா எழுதினது.”

அந்தப் பஸ்ஸில் டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் நாங்கள் பத்தொன்பது பேர். எல்லோரும் ஊரின் கிழக்குப் பக்கத்துக் கறுப்பர்கள். வாரம் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளாவிட்டால் எங்கள் கதை பத்துப் பதினைந்து நாளில் முடிந்துவிடும். டயாலிசிஸ் நிலையம் பதினான்கு மைல் தள்ளி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. எனக்கு இடது காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் கிடையாது, சர்க்கரை நோய் கொண்டுபோய்விட்டது. சக்கர நாற்காலியோடு ஏற வசதி உள்ள வண்டி வேண்டும். எங்கள் சர்ச் வேனில் அது இல்லை.

என் அக்கா வெர்னிட்டா பாய்கினை எங்கள் ஊரில் தெரியாதவர்கள் இருந்தால் அவர்கள் நேற்றுக் குடிவந்தவர்கள். இருபத்து மூன்று வயதில் நகர சுகாதார அலுவலகத்தில் சேர்ந்தாள். பிறகு மாநிலத் தலைநகரில் பத்து வருஷம் சட்ட வரைவுகள் எழுதினாள். பிறகு எல்லாவற்றையும் உதறிவிட்டுத் திரும்பி வந்து, சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தாள். பஸ், குடிதண்ணீரில் விஷம் கலக்கும் ஈயக் குழாய், பிரசவ ஆஸ்பத்திரி என்று எதற்கு யார் வந்தாலும் அவர்களைக் கூட்டிக்கொண்டு நகர மன்றத்துக்குப் போவாள். அவளுக்குக் கொடுத்த விருதுப் பலகைகளை வைத்துக் கூரையே வேயலாம். கல்யாணம் செய்துகொள்ளத்தான் நேரம் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் மன்றத்தில் விசாரணை. பத்தொன்பது பேரில் நடமாட முடிந்த பதினோரு பேர் வந்தோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உட்காருகிற அதே வரிசையில் உட்கார்ந்தோம். எனக்குப் பக்கத்தில் மிஸ் அர்லீத்தா, என்னோடு அதே பஸ்ஸில் டயாலிசிஸுக்கு வருகிறவள், எழுபத்தாறு வயது, தலையில் ஊதாத் தொப்பி.

“உங்க அக்கா பேசறப்ப ‘ஆமென்’ சொல்லலாமாடி, இல்ல போன தடவை மாதிரி மன்றத் தலைவன் சுத்தியல் எடுத்துத் தட்டுவானா?” என்றாள்.

“தட்டினா தட்டட்டும், நீங்க சொல்லுங்க” என்றேன். எனக்கு அவ்வளவு தைரியம் இருந்தது அப்போது.

வெர்னிட்டா எழுந்து பேசினாள். அவள் பேசினால் கேட்கவேண்டும். மருத்துவமனைக்குப் போகும் பஸ்ஸை நிறுத்தினால் நகரம் மாற்று வண்டி விடவேண்டும், பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே அறையில் நிறைவேறிய சட்டம் இது, ஒன்பதாம் பிரிவு என்றாள். “சொல்லும்மா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “அதான்!” என்று இன்னொரு குரல். மிஸ் அர்லீத்தா கையை உயர்த்தி ஆமென் சொன்னாள். தலைவர் சுத்தியலைத் தட்டினார்.

நகர வழக்கறிஞர் டமீக்கா ஸ்ட்ராதர் எழுந்தாள். எங்கள் தெருவில் வளர்ந்த பெண். சட்டக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைக்கப் பரிந்துரைக் கடிதம் எழுதியது வெர்னிட்டாதான். டமீக்கா யார் முகத்தையும் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துப் படித்தாள். “ஒன்பதாம் பிரிவு. அத்தகைய தடம் நிறுத்தப்படுமானால் நகரம் மாற்று வண்டி ஏற்பாடு செய்யலாம்.” நிறுத்திவிட்டு, “செய்யலாம்” என்று மறுபடி ஒருமுறை படித்துவிட்டு உட்கார்ந்தாள்.

நான் வெர்னிட்டாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் அதிர்ச்சியே இல்லை. அவள் குனிந்து தன் பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கால் மணி நேர இடைவேளை விட்டார்கள். நாற்காலியை நானே தள்ளிக்கொண்டு நடைகூடத்தில் அவளை மடக்கினேன்.

“உனக்குத் தெரியும்.”

“டெலோரிஸ், மெதுவாப் பேசு.”

“உனக்குத் தெரியும்டி அக்கா! பதினோரு வருஷமாத் தெரியும்!”

“நான் ‘வேண்டும்’னுதான் எழுதினேன். ஒரு ஓட்டு கொறஞ்சுது. இதே நடைகூடத்துலதான், இந்தத் தண்ணிக் குழாய்கிட்டதான் நின்னோம். அந்த ஒரு சொல்ல மாத்தினா ஓட்டுப் போடறேன்னாரு ஒருத்தரு. மாத்தினேன். அடுத்த வருஷம் வந்து சரிபண்ணிக்கலாம்னு நெனச்சேன். அடுத்த வருஷம் ஈயக் குழாய் வந்துது. அப்புறம் பிரசவ ஆஸ்பத்திரிய மூடினாங்க.” அவள் கண்ணாடியைக் கழற்றினாள். “யாரும் எடுத்துப் படிக்கமாட்டாங்கன்னு வேண்டிக்கிட்டேன்.”

எங்கள் அம்மா வாயில் ‘லாம்’ என்ற சொல்லே வந்ததில்லை. பாத்திரம் கழுவணும், ஜெபத்துக்கு முட்டி போடணும், ஒன்பது மணிக்குள் வீட்டில் இருக்கணும், அவ்வளவுதான். அவள் வயிற்றில் பிறந்தவள் போயும் போயும் இந்தச் சொல்லிலா கோட்டை விட்டாள்!

“திங்கக்கிழமையிலருந்து நாங்க பத்தொன்பது பேரும் சாகலாமா, சாகணுமா? அதையாவது தெளிவா எழுதி வெச்சியா?” என்று கேட்டேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் டமீக்கா வந்தாள். அங்கும் இங்கும் பார்த்துவிட்டு அக்காவின் காதருகே குனிந்தாள்.

“மிஸ் வெர்னிட்டா, முதியோர் இல்லத்து வண்டி ஒண்ணு அந்தப் பக்கம் போகுது. நாற்காலி ஏறும். ஒரு எடம் காலியா இருக்கு. உங்க தங்கச்சி பேரப் போட்டுடறேன். ஆனா அவங்க மைக்ல பேசி இதப் பெரிசாக்கினா எல்லாரும் எடம் கேப்பாங்க. அப்புறம் அந்த ஒரு எடமும் கெடைக்காது.”

முப்பத்தெட்டு வருஷப் பொதுவேலையில் வெர்னிட்டா தன் வீட்டுக்கென்று ஒரு துரும்பை வாங்கியதில்லை. சர்ச்சில் உணவுப் பெட்டி மிஞ்சினால்கூடக் கடைசி ஆள் போகும்வரை எடுக்கமாட்டாள். அவள் இந்தப் பெண்ணை உண்டு இல்லை என்று ஆக்கப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

“போடு” என்றாள் வெர்னிட்டா.

“அக்கா!”

“வாய மூடுடி. ஊரையே காப்பாத்தப் போயி ஒரு சொல்ல வித்தவ நான். உன்னையும் பொதைச்சிட்டு எந்த மொகத்தோட இந்தக் கட்டடத்துக்கு வருவேன்?” அவள் என் தோளில் கையை வைத்தாள். நான் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

உள்ளே போனோம். பொதுமக்கள் பேச ஆளுக்கு இரண்டு நிமிடம். காலையிலேயே சீட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். “டெலோரிஸ் பாய்கின்” என்று கூப்பிட்டார்கள். மிஸ் அர்லீத்தாவே என் நாற்காலியை மைக் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“சொல்லும்மா!” என்றது கூட்டம்.

எதிரே சிவப்பு எண்கள் இரண்டு நிமிடத்திலிருந்து குறைந்துகொண்டே வந்தன. சொல்லவேண்டியது தொண்டையில் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே எனக்கு இன்னும் ஐம்பத்தெட்டு வயதுதான் என்பதும் இருந்தது. எனக்குச் சாகப் பிடிக்கவில்லை. வேறு எப்படிச் சொல்வது?

“பொறுமையாச் சொல்லு, கண்ணு” என்றாள் பின்னாலிருந்து மிஸ் அர்லீத்தா.

“என் நேரத்த விட்டுக்குடுக்கறேன்” என்றேன்.

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. ஐந்துக்கு இரண்டு என்று பஸ்ஸை நிறுத்தும் தீர்மானம் நிறைவேறியது. அழுகை தாங்காமல் பேசாமல் விட்டேன் என்று நினைத்துக்கொண்டு மிஸ் அர்லீத்தா எனக்குக் கைக்குட்டை கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு வெள்ளை வண்டி வந்தது. வெர்னிட்டா என் மடியில் போர்வையைப் போர்த்திவிட்டாள்.

வண்டி திரும்பியதும் இருபத்திரண்டாம் நம்பர் நிறுத்தம். பனியில் ஊதாத் தொப்பி தெரிந்தது. இனி பஸ் வராது என்று அவளுக்குத் தெரியும். அறிவிப்புப் பலகை தலைக்கு மேலேயே இருக்கிறது. ஆனாலும் திங்கட்கிழமை ஆறரைக்கு அவள் வேறு எங்கே போய் நிற்பாள்? ஏதோ ஒரு வண்டி வருவதைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள்.

“அந்தம்மா உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?” என்று ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார். “என் தாள்ல ஒரு பேருதான் இருக்கு. நீங்க சொன்னா நிறுத்தலாம். ஆனா மேல தெரிஞ்சா உங்க எடத்தையும் புடுங்கிடுவாங்க.”

நிறுத்தணும் என்று ஒரே ஒரு சொல். நான் அதைச் சொல்லவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தண்ணீர்க் குழாயருகே என் அக்கா எப்படி நின்றிருப்பாள் என்று எனக்குத் தெரிந்தது. வண்டி தாண்டிப்போகும்போது மிஸ் அர்லீத்தா ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டாள். தூக்கிய கையை இறக்காமல், எனக்கு டாட்டா காட்டினாள்.